சுங்கை சிப்புட்டில் பன்னிரண்டு வார எடைக் குறைப்புத் திட்டம்: 480 ரிங்கிட்டுக்குத் தகுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியில், மாடிக் கிளினிக் ஒன்று நடத்தும் பன்னிரண்டு வார எடைக் குறைப்புத் திட்டத்தில் சென்ற ஆண்டு சேர்ந்தேன். கட்டணம் 480 ரிங்கிட். இரத்தப் பரிசோதனைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அப்போது என் வயது 49, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. உடல் நிறைக் குறியீடு ஏறத்தாழ 35. நம் சுகாதார அமைச்சின் வழிகாட்டியின்படி 27.5 என்றாலே உடல் பருமன்தான். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 6.1 விழுக்காடு; இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இன்னும் வரவில்லை, ஆனால் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது.

அதற்கு முன் ஈப்போவில் நான் பார்த்த மருத்துவர், இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கச் சொன்னார். அது தவறான ஆலோசனை அன்று. இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்குவரை அகற்றிவிடும் அந்த முறையில், உணவாலும் நடையாலும் குறைவதைவிட எடை கூடுதலாகக் குறைகிறது. சிலருக்கு அதுவே சரியான வழியும்கூட. ஆனால் அதன் பிறகும் அளந்துதான் உண்ண வேண்டும், வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுதும் விழுங்க வேண்டும் என்று அவரே விளக்கியபோது, எப்படியும் அளந்துதான் உண்ண வேண்டுமென்றால் இரைப்பையை அதன் இடத்திலேயே விட்டுவைத்து முதலில் அளந்து பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

இந்தத் திட்டத்தில் கொடுத்த காசுக்கு முழு மதிப்பும் உணவியல் ஆலோசகரிடம்தான் இருக்கிறது. ஓட்ஸும் புரோக்கோலியும் அச்சிட்ட உணவுப் பட்டியலை முதல் நாளே அவர் கவிழ்த்து வைத்துவிட்டு, "அக்கா, அடுத்த வாரம் வீட்டில் சோறு போடும் கரண்டியையும் நீங்கள் சாப்பிடும் தட்டையும் கொண்டு வாங்க" என்றார். கொண்டு போனேன். நான் மூன்று கரண்டிச் சோறு என்று எழுதியிருந்தது அவருடைய கிண்ணத்தில் இரண்டரைக் கிண்ணமாக நிறைந்தது. பிறகு அமைச்சு பரப்பும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையை, அதாவது தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும் என்பதை, என் தட்டிலேயே கோடு போட்டதுபோல் காட்டினார். உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக்கூடாது, அது சோற்றின் பக்கம் என்று அவர் சொன்னபோது, இத்தனை ஆண்டுகள் நான் சோற்றுக்குச் சோற்றையே கறியாகத் தின்றிருக்கிறேன் என்பது புரிந்தது. கங்கோங் கீரையும் வீட்டின் பின்புறத்து முருங்கைக் கீரையும் தட்டின் பாதியை எளிதாக நிரப்பின, செலவும் கூடவில்லை.

பானங்களைப் பற்றி அவர் காட்டிய கண்டிப்புக்குத்தான் பலன் அதிகம். காலையில் பசியாறும்போது ஒன்று, பள்ளி ஓய்வு நேரத்தில் ஒன்று, மாலையில் ஒன்று என நாளுக்கு மூன்று தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றிலும் இனிப்புப் பால்தான். எல்லாவற்றையும் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்காக மாற்றச் சொன்னார். முதல் வாரம் கடைக்காரர், "என்ன டீச்சர், இனிப்பு நீர் வந்துடுச்சா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். வரக்கூடாது என்பதற்காகத்தான் என்றேன்.

இலக்கை அவர் பெரிதாக வைக்கவில்லை. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்து வாரத்திற்கு 150 நிமிடங்கள் உடலை இயக்குவதை இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. அந்தக் கணக்கில் எனக்கு ஆறு கிலோ போதும் என்றார்.

உடற்பயிற்சிப் பகுதி சுமார்தான். சனிக்கிழமைகளில் உரத்த இசையோடு நடக்கும் துள்ளல் பயிற்சி இளையவர்களுக்குச் சரி. என் முழங்கால்கள் இரண்டாம் வாரமே மறுத்துவிட்டன. மாற்றுப் பயிற்சி கேட்டதற்கு நடங்கள் என்று மட்டும் சொன்னார்கள். எனவே நான் பிறந்த தோட்டத்துச் செம்பனைச் சாலையில் வாரத்திற்கு ஐந்து நாள், அரை மணி நேரம் விரைந்து நடக்கிறேன், நாய்களுக்காகக் கையில் ஒரு கோலுடன். விடியுமுன் தோட்டத் தொழிலாளர்களின் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் போய், பிறகு ரப்பர் பால் வாளியோடு மேடு பள்ளம் ஏறி இறங்கிய என் அம்மா தட்டு நிறையச் சோறு உண்டும் மெலிந்தே இருந்தார். நான் அவருடைய தட்டை மட்டும் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் எடைக்கு ஒரு மணி நேர நடை, பரோட்டா போன்ற, ஏறத்தாழ 300 கலோரி கொண்ட ஒரு ரொட்டி சானாயைத்தான் ஈடுகட்டுகிறது என்பதால், நடக்கிறோமே என்று தட்டில் சலுகை எடுத்துக்கொள்ள முடியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் முகப்பில் இருப்பவர்கள் 189 ரிங்கிட் மதிப்புள்ள சத்துமாவு டின்னை வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள்; நான் வாங்கவில்லை, அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. இரண்டு முறை முன்னறிவிப்பின்றிச் சந்திப்பை ரத்து செய்தார்கள். கைப்பேசிக் குறிப்புகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டுமே வருகின்றன. என்னோடு சேர்ந்த, தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்த மூத்த பெண்மணி ஒருவர் அவற்றைப் படிக்க முடியாமல் ஐந்தாம் வாரம் நின்றுவிட்டார். ஏன் வரவில்லை என்று அவரை யாரும் அழைத்துக் கேட்கவில்லை. எடை அசையாமல் நின்ற ஏழாம், எட்டாம் வாரங்களில் நானும் நின்றிருப்பேன். ஆலோசகர் இடுப்பளவை எடுத்து அது மூன்று சென்டிமீட்டர் குறைந்திருப்பதைக் காட்டியதால்தான் தொடர்ந்தேன்.

பன்னிரண்டாம் வார முடிவில் 5.2 கிலோ குறைந்தது. ஆறாம் மாதத்தில் எடை 77 கிலோவாகவும் சர்க்கரை அளவு 5.8 ஆகவும் இறங்கின. திட்டமோ பன்னிரண்டாம் வாரத்தோடு ஒரு சான்றிதழைக் கொடுத்து முடிந்துவிடுகிறது. மறுபடி 480 கட்டச் சொன்னார்கள். மறுத்துவிட்டு, மாதம் ஒரு முறை ஆலோசகரை மட்டும் 40 ரிங்கிட் கொடுத்துப் பார்க்கிறேன். சேர நினைப்பவர்கள் முதலில், 1 ரிங்கிட் கட்டணமுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்கில் உணவியல் அதிகாரியிடம் அனுப்புவார்களா என்று கேட்டுப் பார்க்கட்டும். தனியார்தான் வசதி என்றால், இந்த மாடிக்கு வரும்போது முழுத் திட்டம் வேண்டாம், ஆலோசகர் மட்டும் போதும் என்று முகப்பிலேயே சொல்லிவிடுங்கள்; கூடவே கரண்டியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.