கறுப்பு இல்லாமல் வெயிலைக் குறைக்கலாம்: காரில் செராமிக் ஃபிலிம் ஒட்டிச் சில கோடைகள்

திருமங்கலத்தில் வீடு, மதுரையில் வேலை. இந்தத் தடத்தில் தினமும் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. காலையில் வடகிழக்கே போகும்போது வெயில் வலது பக்கம். சாயங்காலம் தென்மேற்கே திரும்பும்போதும் வலது பக்கம்தான். இரண்டு நேரமும் காய்வது ஓட்டுகிறவரின் வலது கை. ஏசி முகத்தில் ஜில்லென்று அடித்தாலும் கை சுடுவது நிற்காது. அது காற்றின் சூடு இல்லை, கண்ணாடி வழியாக நேரே வந்து விழும் கதிரின் சூடு. அதற்காகத்தான் 2023 கோடைக்கு முன்பு நான்கு கதவுக் கண்ணாடிகளுக்கும் செராமிக் ஃபிலிம் (செராமிக் நுண்துகள்கள் கலந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒட்டினேன்.

கடையில் முதலில் எடுத்துக் காட்டியது கறுப்பு. "சார், கறுப்பாப் போட்டாத்தான் வெயில் நிக்கும்" என்றார் ஒட்டுகிறவர். அப்படி இல்லை. வெயிலின் சக்தியில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாயம் போட்ட மலிவு ஃபிலிம் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு இதை மறைப்பதில்லை. சில வருடங்களில் ஊதா நிறமாக வெளுத்தும் போகும். பழைய வேன்களில் பார்த்திருப்பீர்கள். உலோகப் பூச்சு உள்ளது வெப்பத்தை நன்றாகவே தடுக்கும், ஆனால் ஜிபிஎஸ், செல்போன் சிக்னலில் கை வைக்கும். முன் கண்ணாடியில் அதை ஒட்டினால் ஃபாஸ்டேக்கும் படிக்காமல் போகலாம். தினமும் கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டுகிறவனுக்கு அந்த வம்பு எதற்கு? செராமிக்கில் இந்தச் சிக்கல் இல்லை, நிறமும் லேசாகவே இருக்கும். விலைதான் சுடும்.

அப்புறம் அந்த பல்ப் வித்தை. சூடான விளக்கு ஒன்றின் முன்னால் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டைப் பிடித்து, பின்னால் கை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அசந்துபோவோம். அந்த விளக்கிலிருந்து வருவதில் பெரும்பங்கு அகச்சிவப்பு. நம்மூர் வெயில் அப்படி இல்லை, அதில் வெளிச்சமும் ஏராளம். தவிர, ஃபிலிம் உறிஞ்சிய சூட்டில் ஒரு பங்கு கொஞ்ச நேரம் கழித்து உள்பக்கம் இறங்கும். கடையில் அவ்வளவு நேரம் யாரும் கையை வைத்திருப்பதில்லை. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் 'அகச்சிவப்புத் தடுப்பு 97%' மாதிரியான எண்ணை விட்டுவிட்டு, டி.எஸ்.இ.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். மொத்தச் சூரிய சக்தியில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்பதைச் சொல்வது அதுதான். வெளிச்சத்தில் 70% உள்ளே விடும் ஃபிலிம் என்றால், வெளிச்சமாக வரும் சக்தியே மொத்தத்தில் 30% அளவுக்கு உள்ளே வந்துவிடும். ஆகவே லேசான ஃபிலிமுக்கு யாராவது டி.எஸ்.இ.ஆர். 90% என்று சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. எந்த ஃபிலிமும் ஒட்டக்கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு மத்திய மோட்டார் வாகன விதி 100 திருத்தப்பட்டு, 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தரச்சான்று பெற்ற ஃபிலிமை அந்த விதி அனுமதிக்கிறது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன், பின் கண்ணாடிகளில் 70%, பக்கவாட்டில் 50% வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும். இந்தக் கணக்கு ஃபிலிமுக்கு மட்டும் இல்லை, கண்ணாடியோடு சேர்த்து. கம்பெனிக் கண்ணாடியே 75% தான் விடுகிறது என்றால், 70% ஃபிலிம் ஒட்டினால் மொத்தம் 52.5%. தப்பித்தோம். 50% ஃபிலிம் ஒட்டினால் 37.5% ஆகிவிடும். நான் 70-ஐ எடுத்ததற்குக் காரணம் இதுதான். பில்லும் சான்றிதழும் டேஷ்போர்டிலேயே கிடக்கின்றன. ரோட்டில் நிறுத்திக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் கேரளத் தீர்ப்பு தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சரி, பலன்? ஓடும்போது நிச்சயம் தெரிகிறது. கை சுடுவது பெருமளவு குறைந்துவிட்டது. அக்னி நட்சத்திரத்தில்கூட ஏசியை முழு வேகத்தில் வைப்பது கிளம்பின கொஞ்ச நேரத்துக்குத்தான். பின் சீட்டில் அம்மா ஜன்னல் இடுக்கில் துண்டைச் சொருகிக்கொண்டுதான் உட்காருவார். இப்போது துண்டு மடியில் இருக்கிறது. ராத்திரி கண்ணாடி வழியாகப் பார்ப்பதிலும் வித்தியாசம் இல்லை. மழையில் ரிங் ரோட்டில் ஓட்டும்போது கறுப்பு ஒட்டாததற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

நிறுத்தி வைத்த கார் வேறு கதை. கோரிப்பாளையத்தில் மத்தியானம் வெட்டவெளியில் ரெண்டு மணி நேரம் நின்றால் எந்த ஃபிலிமும் காப்பாற்றாது. உள்ளே வந்த சூடு வெளியே போக வழியில்லை, ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. முன் கண்ணாடிக்கு உள்ளே மடக்குத் தட்டி வைப்பதும், கிளம்பும்போது கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றுவதும் இன்றைக்கும் தொடர்கின்றன.

தேய்மானம் என்றால், டிரைவர் பக்கக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள். ஓரத்து ரப்பரில் சேரும் மண் ஒவ்வொரு முறை கண்ணாடியை இறக்கும்போதும் கீறுகிறது. ரப்பரை அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்தால் குறையும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரைப் பக்கத்தில் விட வேண்டாம். ஒட்டிய புதிதில் பனி மூட்டம் மாதிரி தெரிந்தது ஈரம் காய்ந்ததும் போய்விட்டது. அதுவரை கண்ணாடியை இறக்காமல் இருக்க வேண்டும். பின் கண்ணாடியில் ஒட்டவில்லை. என்றைக்காவது உரிக்க நேர்ந்தால் கண்ணாடியின் பனியைப் போக்கும் டீஃபாகர் கோடுகளும் சேர்ந்து உரிந்து வரலாம். அங்கே ஒரு வலைத் திரையே போதும்.