துளையிட்ட நெகட்டிவையும் மறைக்காத படத்தொகுப்பு

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் இணையதளத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கும் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் படத்தொகுப்பு, 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தைப் புத்தகங்களில் படித்தவர்களுக்கும் புதிதாகக் காட்டக்கூடியது. 1935இல் ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய மறுகுடியமர்த்தல் நிர்வாகமும், 1937இல் அதன் பொறுப்பை ஏற்ற பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமும், வறட்சியாலும் கடனாலும் நிலமிழந்த உழவர்களுக்கு உதவியதோடு, அந்த உதவி ஏன் தேவை என்பதை நாட்டுக்கு எடுத்துச் சொல்லப் புகைப்படக்காரர்களையும் ஊர் ஊராக அனுப்பின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எடுக்கப்பட்டவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இங்கே இருக்கின்றன.

1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டோரதியா லாங் எடுத்த தாயின் படத்தைத் தேடித்தான் பெரும்பாலானோர் முதலில் வருவார்கள். அது உலகறிந்த படம். ஆனால் இத்தொகுப்பின் அருமை புகழ்பெற்ற படங்களில் இல்லை, ஒதுக்கப்பட்ட படங்களில் இருக்கிறது என்பேன்.

புகைப்படப் பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், தமக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் துளையிட்டு அவற்றை வெளியிட முடியாதபடி செய்துவந்தார். நெகட்டிவில் துளை விழுந்த இடத்தில் ஒளி தடையின்றிப் பாய்வதால், படத்தில் அது கரிய வட்டமாகத் தெரியும். வயலுக்கு மேலே வானத்தில் அந்த வட்டம் நிற்கும்போது கறுப்புச் சூரியன் போலிருக்கிறது. மனித முகத்தின் மேலேயே அது விழுந்திருக்கும் படங்களைப் பார்க்க மனம் கனக்கிறது. நூலகம் இவற்றையும் துளையோடு அப்படியே ஸ்கேன் செய்து வைத்திருப்பதால், ஓர் அரசு தன் மக்களுக்கு எதைக் காட்ட விரும்பியது, எதை வேண்டாமென்று தள்ளியது என்ற இரண்டையும் நம் கண்ணாலேயே ஒப்பிட முடிகிறது.

அந்தத் தேர்வு எவ்வளவு பெரிய அரசியலானது என்பதற்கு ஆர்தர் ராத்ஸ்டைனின் மாட்டு மண்டையோடு சான்று. 1936இல் தெற்கு டகோட்டாவின் வெடித்த நிலத்தில் கிடந்த ஒரே மண்டையோட்டை அவர் சற்று நகர்த்தி வைத்து வெவ்வேறு இடங்களில் படமெடுத்திருந்தார். தேர்தல் ஆண்டு என்பதால், ரூஸ்வெல்ட்டின் எதிர்ப்பாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, வறட்சிப் படங்களெல்லாம் போலி என்று பத்திரிகைகளில் முழங்கினார்கள். அந்தப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: மண்டையோடுதான் இடம் மாறியிருக்கிறது, நிலத்தின் வெடிப்பு உண்மையானது. நவம்பரில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார்.

பயன்படுத்துவோருக்குச் சில சொற்கள். விளக்கக் குறிப்புகள் அக்காலத்தில் எழுதப்பட்டவை. ஆகவே இன்றைய சொற்களைவிட ஊர்ப்பெயரையோ புகைப்படக்காரரின் பெயரையோ கொடுத்துத் தேடுவதே நல்லது. தலைப்பே இல்லாத படங்களும் ஏராளம். அவற்றை அடைய, ஒரு படத்தின் பக்கத்திலுள்ள எண் வரிசைப்படி அண்டைப் படங்களைக் காணும் வசதியைச் சொடுக்க வேண்டும். நான் மிகவும் மதிக்கும் வசதி இதுதான். அரசுப் பணிக்காக எடுக்கப்பட்டவை என்பதால் அச்சிடவும் பாடத்தில் சேர்க்கவும் பொதுவாகத் தடையில்லை. நுணுக்கம் குறையாமல் படத்தைத் தரும் டிஃப் (TIFF) கோப்புகள் கனமானவை. இருந்தாலும் அவற்றையே இறக்கிக்கொள்ளுங்கள்.

1938 ஏப்ரலில் ஜான் வேச்சான் வட கரோலினாவின் ஹாலிஃபாக்ஸில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கனமான கோப்பையே ஏன் இறக்கிக்கொள்ள வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. நீதிமன்றப் புல்வெளியில் ஒரு குடிநீர்க் குழாய், அருகே ஒரு கறுப்பினச் சிறுவன், மரத்தில் அவன் இனத்தவருக்கு என்று எழுதி அறைந்த பலகை. சட்டத்தின் வாசலிலேயே அந்தப் பலகை இருந்தது.