ஏ, பி உரப் பாக்கெட்டு: வெள்ளக்கல் தண்ணிக்கு செட் ஆகுதா?

ரெண்டு சீசன் ஓட்டிட்டுதான் இத எழுதறேன், வாங்குன அன்னிக்கே அஞ்சு ஸ்டார் போடற ஆளு நான் இல்ல. சேலத்துல ஒரு கடையில ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணு இல்லாம உரத்தண்ணியில வளக்கறது) தக்காளிக்குன்னே ஏ, பி-ன்னு ரெண்டு மூட்டையா ரெடிமேடு உரம் போட்டு தராங்க. கடை பேரு வேணாம், கொஞ்சம் குறை சொல்லப்போறேன், அந்த அண்ணன் பழக நல்ல மனுஷன் வேற.

நமக்கு வெள்ளக்கல் குழிங்க இருக்கற கருப்பூர் பக்கம் பன்னெண்டரை சென்ட்டு பாலிஹவுஸ், கோகோபீட் (தேங்காநார்த் தூள்) பையில கயித்துல ஏத்தி விடற பெரிய தக்காளி, உரம் எல்லாம் டிரிப்லதான் போகுது.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். ஏ-ல கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும், பி-ல 0:52:34 (பாஸ்பேட்டும் பொட்டாஷும் சேந்த உரம்), பொட்டாஷ், மெக்னீசியம் சல்பேட், நுண்ணூட்டம். கரையறதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது, டிரம் அடியில கையவிட்டு துழாவுனாலும் மண்ணு மாதிரி எதுவும் தட்டாது, முன்னாடி உதிரியா வாங்கி கலக்கறப்ப வாரம் ரெண்டு தடவ ஃபில்டர கழட்டி கழுவிட்டு இருந்தேன், அது நின்னுச்சு.

ஆனா பாக்கெட்டு! ரெண்டும் ஒரே வெள்ள மூட்டை, எழுத்து பொடிப்பொடியா இங்கிலீஷ்ல. நான் ஒரு கல்யாணத்துக்கு போயிருந்தப்ப எங்க மாமா ரெண்டையும் ஒரே டிரம்ல கொட்டி கலக்கிட்டாரு, வந்து மூடிய தொறந்தா பால் மாதிரி வெளுத்து நிக்குது, குச்சிய விட்டு கிண்டுனா அடியில சுண்ணாம்பு கணக்கா கெட்டியா கெடக்கு. கெட்டிக் கரைசல்ல கால்சியமும் சல்பேட்டும் சேந்தா ஜிப்சம்தானே, பாஸ்பேட் சேந்தா அதுவும் தனியா படியும். "நீதானடா ரெண்டும் வேணும்னு சொன்ன"ங்கறாரு மாமா, அவர என்ன சொல்றது. நாலு வரிசை டிரிப்பர் அடைச்சு போச்சு. இப்ப ஏ-க்கு செவப்பு பக்கெட்டு, பி-க்கு நீலம்.

சரி, பெரிய விஷயத்துக்கு வரேன். மூட்டையில போட்டிருக்கறது 1000 லிட்டருக்கு ஏ ஒரு கிலோ, பி ஒரு கிலோ, ஈசி (தண்ணியில கரைஞ்ச உப்பு எவ்வளவுன்னு காட்டற அளவு) 2.2 வரும்னு. அது மழைத்தண்ணி, ஆர்ஓ தண்ணிக்கு. நம்ம போர் தண்ணி எதுவும் கலக்காமலே 1.1 காட்டுது, பிஎச் 7.8. அப்ப மொத்தம் 3.3 ஆச்சா, அதோட சித்திரை வெயில், செடி தண்ணிய கடகடன்னு குடிச்சிட்டு உப்ப பையிலயே விட்டுடுது, கீழ வடியற தண்ணிய புடிச்சு பாத்தா 5 தாண்டி நிக்குது. பத்து நாள்ல காய் அடியில கருப்பு வட்டம் வந்துருச்சு, மேல பாத்தா பளபளன்னு இருக்கு, திருப்புனா தோல் பை மாதிரி உள்ள குழிஞ்சு கெடக்கு.

கடைக்கு போன் போட்டா "கால்சியம் பத்தலங்க, ஏ-வ ஏத்துங்க"ன்னாரு. ஏத்துனேன், இன்னும் மோசம். காய்க்கு கால்சியம் தண்ணியோடதான் போகும், வேர்கிட்ட உப்பு ஏறுனா செடி தண்ணிய இழுக்கவே தெணறும், அப்பறம் எங்க போய் காய்க்கு சேரும்? அது மட்டும் இல்ல, நம்ம ஊரு சுண்ணாம்புக் கரடு, வெள்ளக்கல் குழிங்க எல்லாம் மேக்னசைட்டுதான் (மெக்னீசியம் இருக்கற கல்லு), டெஸ்ட் குடுத்து பாத்தேன், தண்ணியிலயே மெக்னீசியம் நெறைய. பி மூட்டையில மறுபடி மெக்னீசியம் சல்பேட் போட்டிருக்காங்க, மெக்னீசியம் ஓவரா போனா கால்சியத்த வேர் எடுக்க விடாது. வேணாம்னு அத தனியா பிரிச்சு எடுக்க முடியுமா, கலந்து வச்சுட்டாங்களே! ரெடிமேடுல எனக்கு இருக்கற பிரச்சனையே அதான்.

இன்னொண்ணு, இரும்பு ஈடிடிஏ வகை, அதாவது இரும்பு படிஞ்சிடாம கரைசல்லயே புடிச்சு வைக்கற ஒரு மருந்தோட சேத்தது. பிஎச் 6.5-க்கு மேல போனா அது நிக்காது, கொழுந்து எல்லாம் மஞ்சளா வந்துச்சு, நரம்பு மட்டும் பச்சை. மூணாவதா ஒரு சின்ன டிரம் வச்சு நைட்ரிக் ஆசிட் விட்டு 5.8-க்கு எறக்குனதும் புதுக் கொழுந்து பச்சையாச்சு. தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும், ஆசிட்டுல தண்ணிய ஊத்திராதீங்க, கையுறை, கண்ணாடி கட்டாயம்.

இதே மூட்டைய ஏற்காட்டுல நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன் போடறான், அவனுக்கு ஊத்துத் தண்ணி, ஈசி 0.2 தான், மூட்டையில இருக்கற அளவ அப்படியே போட்டு சூப்பரா எடுக்கறான், "என்னடா குறை சொல்ற"ங்கறான். அவனுக்கு அஞ்சு ஸ்டார்தான்.

நான் இப்ப கூரைத் தண்ணிய தார்ப்பாய் தொட்டியில புடிக்கறேன், 500 சதுர மீட்டர் கூரைக்கு 10 மில்லிமீட்டர் மழை பேஞ்சாலே கணக்குப்படி 5000 லிட்டர், அத போர் தண்ணியோட பாதிக்கு பாதி கலந்து, மூட்டைய முக்கால் அளவு போட்டு, 2.2-லயே நிறுத்தறேன், வடியற தண்ணி 3-ஐ தாண்டுனா அன்னிக்கு கொஞ்சம் கூட விட்டு கழுவிடுவேன். புதுசா வந்த காய்ல கருப்பு இல்ல, பழசு போனது போனதுதான்.

தரத்துக்கு நாலு, பாக்கெட்டுக்கு ஒண்ணு, ஆலோசனைக்கு ரெண்டு. என்ன தண்ணின்னு ஒரு வார்த்தை கேக்காமயே மூட்டைய தூக்கி குடுத்தாரு பாருங்க, அதுக்குதான் அந்த ரெண்டு. போன வாரம் போய் மெக்னீசியம் இல்லாம பி போட்டு தாங்கண்ணான்னு கேட்டேன், பத்து பேரு கேட்டா போட்டு தரேன்னாரு, இப்ப என்னோட சேத்து மூணு பேரு ஆயிருக்கோம்.