பெயரைக் கொடுப்பதா, சொந்தக் கடை போடுவதா?

யாழ்ப்பாணத்தில் உதைபந்து ஆடும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணை, கடைக்காரர் விளம்பரத்துக்கு என்ர பெயரையும் படத்தையும் கேட்கினம். குடுக்கவோ, கஸ்தூரியார் வீதியில நானே கடை போடவோ?"

கோல்ஃப் வீரர் இருவரைப் பார்ப்போம்.

ஆர்னல்ட் பாமர், 7 மேஜர் (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்கள்: உடைக்கும் பானத்துக்கும் பெயரைக் கொடுத்தார்.
ஜாக் நிக்லஸ், 18 பட்டங்கள்: 1996இல் தன் நிறுவனத்தைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோனார். இரண்டே வருடத்தில் துணை நிறுவனமொன்றின் கணக்கு மோசடி வெளியானது. பிழை செய்தது ஊழியர்கள், அடிபட்டது அவர் பெயர்!

முதலீடு: பெயரைக் கொடுக்கச் சல்லிக்காசு வேண்டாம், கடைக்கு வாடகை, சரக்கு, சம்பளம்.
ஆபத்து: பெயரை வாங்கிய கடைக்காரர் மட்டமான சப்பாத்து விற்றால் ஏச்சு உனக்கு, சொந்தக் கடை படுத்தால் கடன் உனக்கு.
காலம்: 2016இல் பாமர் இறந்த பிறகும் அவர் பெயர் விற்கிறது. சரி, அது பாமர்.

இன்னும் ஆடுகிறாய் என்றால் பெயரைக் கொடு, ஒரு வருடத்துக்கு மட்டும், எழுத்தில். ஆட்டத்தை விட்டபின், நாள் முழுக்கக் கல்லாவில் இருக்க முடிந்தால் கடை.