அப்பாவின் பிக்கப்: சேசிஸைத் தட்டிப் பார்த்த மூன்று வாரம்

இந்த முறை ஊருக்குப் போன மூன்று வாரத்தில் பாதி நாள் அப்பாவின் பிக்கப் வண்டிக்கு அடியிலும் பட்டறை வாசலிலும்தான் போனது. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிற பிள்ளைகளிடம் வீட்டு வண்டியை ஒருமுறை பார்த்துவிடச் சொல்வது வழக்கம். டயர், பேட்டரி, பிரேக் எல்லாம் பார்ப்போம். வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நான் குனிந்ததற்குக் காரணம் உண்டு.

நான் வசிக்கும் நாட்டில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுவார்கள். என்னுடைய சொந்த பிக்கப்பை அந்த உப்புக்குத்தான் ஒன்பதாவது வருடத்தில் பறிகொடுத்தேன். இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, பெயின்ட் பளபளவென்று இருந்தது. லிஃப்டில் ஏற்றிய மெக்கானிக் பின் சக்கரத்துக்கு மேலே சேசிஸில் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. ஒன்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட வண்டிக்கு அடியில் படுத்ததில்லை. அந்த வருத்தம் இன்னும் மனதில் இருக்கிறது.

அப்பாவின் வண்டிக்கு வயது பதினொன்று. அங்கே சாலை உப்பு கிடையாது, ஆனால் கடல் காற்று உண்டு. இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். காற்றின் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். சாலையில் கொட்டும் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு இரண்டும் இன்னும் மோசம், முப்பது சதவீதத்தை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். சேசிஸின் மேல் உப்பு படிந்திருந்தால் மழை பெய்யாத நாளிலும் அந்த இரும்பு நனைந்துதான் இருக்கிறது. துருவுக்கு வேண்டியது தண்ணீரும் ஆக்ஸிஜனும். உப்பு அந்த வேலையை வேகப்படுத்துகிறது.

போன இரண்டாம் நாள் டார்ச்சோடு அடியில் படுத்தேன். பார்த்த உடனே நிம்மதியாக இருந்தது. முழு சேசிஸும் கறுப்பாக, புதிதாக இருந்தது. "போன வருஷம்தாம்ப்பா அடியில கோட்டிங் அடிச்சேன்" என்றார் அப்பா. சர்வீஸ் பில்லும் பத்திரமாக வைத்திருந்தார்.

ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு 'டங்' என்று மணி மாதிரி பதில் சொல்லும். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தை நெருங்கியதும் சத்தம் மாறியது. 'பொத்' என்று அமுங்கிக் கேட்டது. நுனியால் லேசாக நெம்பினேன். கறுப்புப் பூச்சு ரப்பர் ஷீட் போல உரிந்து வந்தது. அதன் பின்னால் ஈரமான பழுப்புப் பொடி, கைப்பிடி அளவு.

அந்த ரப்பர் பூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அடிக்கப்பட்ட விதம்தான் தப்பு. சுத்தமான, காய்ந்த, பிரைமர் என்ற முதல் பூச்சு அடித்த இரும்பில் அது கல்லடியையும் சேற்றையும் தாங்கும். துருவும் உப்பும் இருக்கும் இரும்பின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், சில சமயம் ஆறு மடங்கு வரை. அது உப்பி எழும்போது பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். வெடிப்பு வழியே இன்னும் தண்ணீர் போகும், போனது வெளியே வராது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும்.

பூச்சு அடித்த அதே இடத்துக்கு முதலில் போனேன். பெரிய சர்வீஸ் சென்டர், கண்ணாடிக் கதவு, மரியாதையான பேச்சு. மீண்டும் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். ஒரு மணி நேர வேலையாம்: வாட்டர் வாஷ், பிறகு கம்ப்ரஸர் காற்று, பிறகு ஸ்ப்ரே. வாஷ் முடிந்து எவ்வளவு நேரம் காயவிடுவீர்கள் என்று கேட்டேன். காற்றிலேயே காய்ந்துவிடும் என்றார் மேனேஜர். நான்கு பக்கமும் மூடிய பெட்டி சேசிஸின் உட்புறத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவருக்குப் புதிது. சேசிஸின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளில் மூன்றை அவர்கள் பூச்சே அடைத்திருந்தது. போட்டோ எடுத்துக் காட்டினேன். உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும் என்ற கணக்குக்குள் இந்த வேலை அடங்காது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வடிகால் துளை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிக்கப்பின் சேசிஸ் இரண்டு வகையாக வரும். ஒரு பக்கம் திறந்த 'ப' வடிவச் சட்டம் ஒன்று, நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டம் இன்னொன்று. பல வண்டிகளில் முன்பாதி பெட்டி, பின்பாதி திறந்த சட்டம் என்று கலந்தும் இருக்கும். திறந்த சட்டத்தில் துரு கண்ணில் படும், பிரஷும் எட்டும். பெட்டி முறுக்குக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் உள்ளே போன சேறும் உப்பும் அங்கேயே தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே ஓட்டை தெரிகிற அன்று வேலை முடிந்துபோயிருக்கும். பெரிய கம்பெனிகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2005 முதல் 2010 வரையிலான டகோமா, 2007–2008 டண்ட்ரா, 2005–2008 செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துரு தொடர்பான வழக்கில் 2016-இல் டொயோட்டா அமெரிக்காவில் சமரசத்துக்கு வந்தது. சுமார் பதினைந்து லட்சம் வண்டிகள் அதற்குள் வந்தன. தொழிற்சாலைப் பூச்சை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று அந்தச் செய்தியைப் படித்தபோதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அப்பாவுக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறை ஒன்று இருந்தது. தகரக் கூரை, தரையில் ஒரு பள்ளம், இரண்டு பையன்கள். மேஸ்திரிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டார். தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். மொத்தம் ஏழு வட்டம். "தம்பி, இதுல ஆறு மேலோட்டம். ஒண்ணு மட்டும் ஆழம். அத வெட்டித்தான் ஆகணும்" என்றார். பயணம் முழுக்கக் கிடைத்த சேவைகளில் என் மனதில் நின்றது இந்தப் பத்து நிமிடம்தான். வேலை தொடங்குவதற்கு முன் எது கெட்டது, எது நல்லது என்று பிரித்துச் சொன்னார்.

நான்கு நாளில் தருவதாகச் சொன்னது ஆறு நாள் ஆனது. அதில் ஒன்றரை நாள் காயவிட்டது மட்டும். அந்த ஒன்றரை நாளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முதல் நாள் கழுவினார்கள். வெளியே ஹை பிரஷர் தண்ணீர். பெட்டிக்குள் ஹோஸ் பைப்பைத் துளை வழியாக விட்டு, மறுமுனையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டார்கள். வெகுநேரம் சேறுதான் வந்தது. அடைபட்ட துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்ததும் ஒரு துளையிலிருந்து பழுப்புச் செதில்கள் கொட்டின. பையன் அதைக் கையில் ஏந்தி எடைபோட்டுப் பார்த்தான். பிறகு பழைய பூச்சைச் சுரண்டி, கிரைண்டரில் கம்பி வீல் மாட்டி, பளபளக்கும்வரை தேய்க்காமல் செதில் போய் கெட்டியாக ஒட்டியிருக்கும் துரு மட்டும் மிஞ்சும்வரை தேய்த்தார்கள். அந்த மெல்லிய துருவுக்கு மேல் துரு மாற்றி. அதில் இருப்பது பாஸ்பாரிக் அமிலமும் டானிக் அமிலமும். துருவோடு சேர்ந்து நீலங்கறுப்பாக ஒரு படலம் கட்டும். செதில் செதிலாக எழும்பி நிற்கும் துருவின் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் துரு அப்படியே இருக்கும். துத்தநாக பிரைமரை மேஸ்திரி தொடவில்லை. அது வெற்று இரும்போடு நேராக ஒட்டினால்தான் இரும்புக்குப் பதில் தான் அரிபட்டுக் காக்கும். துரு மாற்றி கட்டிய படலத்தின் மேல் அதை அடிப்பதில் அர்த்தமில்லை. தேய்த்த இடங்களுக்கு எப்பாக்ஸி பிரைமர் அடித்தார்.

ஆழமான அந்த ஒரு வட்டம் பின் ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் இருந்தது. அங்கே நான் நடுநடுவே கேள்வி கேட்டுக்கொண்டே நின்றேன். அவர் எரிச்சல்படவில்லை. பேட்டரி வயரைக் கழற்றினார். பிரேக் பைப்பையும் டீசல் பைப்பையும் தள்ளிக் கட்டி ஈரச் சாக்கு போர்த்தினார். கெட்ட இரும்பை முழுக்க வெட்டி எடுத்த பிறகே புதுத் தகடு வைத்தார். தகட்டின் இரு முனையையும் நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினார். நேர்க்கோட்டில் குறுக்கே வெல்டிங் ஓடினால் பாரம் வரும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும் என்றார். அடுத்து, சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அவர் வெல்டிங் வைக்கவே இல்லை. பாரம் அதிகம் விழுவது அங்கேதான். சில வண்டிகளில் அதிக வலிமையுள்ள எஃகு போட்டிருப்பார்கள், அதைச் சூடாக்கினால் வலிமை போய்விடும். எனவே கம்பெனி கையேட்டில் வெல்டிங் கூடாது என்றிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினோம்.

வெல்டிங் சூட்டில் பின்புறப் பெயின்ட் எரிந்துபோகும் என்பதால் உட்புறப் பூச்சு எப்போதும் வெல்டிங்குக்குப் பிறகே. இங்கேதான் சிக்கல் வந்தது. பெட்டிக்குள் மெழுகுப் பூச்சு அடிக்க நீளமான, சுற்றிலும் தெளிக்கும் நாசில் வேண்டும். பட்டறையில் அது இல்லை. மேஸ்திரி மெல்லிய செம்புக் குழாய் ஒன்றை எடுத்து, முனையை நசுக்கி அடைத்து, பக்கவாட்டில் சுற்றி நாலு பொடித்துளை போட்டார். வாளித் தண்ணீரில் சோதித்தார். நாலா பக்கமும் விசிறியது. பிறகு மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, குழாயைப் பெட்டியின் கடைசிவரை விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாகப் பின்னால் இழுத்தார். கை எட்டாத உட்பக்கத் துருவுக்கு இதுபோல் கெட்டிப்படாமல் ஊர்ந்து போகும் மெழுகோ எண்ணெயோதான் மருந்து. கம்பளி ஆட்டின் ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் பூச்சும் இதே வகை. இவை தேய்ந்துபோகும், வருடத்துக்கு ஒருமுறை பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்தால் வண்டி உள்ளவரை போதும் என்று சொல்லி விற்கிறவரை நம்பாதீர்கள்.

பேட்டரியில் இணைக்கும் சின்னப் பெட்டி ஒன்றையும் சென்டரில் காட்டியிருந்தார்கள், மின்சாரம் துருவைத் தடுக்குமாம். கப்பலின் அடியிலும் மண்ணுக்குள் புதைத்த குழாயிலும் அந்த முறை நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அவற்றைச் சுற்றி எப்போதும் தண்ணீரோ ஈரமண்ணோ இருக்கிறது. மின்சாரம் ஓட அது வேண்டும். காற்றில் நிற்கும் வண்டிக்கு அது கிடைக்காது.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசும் பழக்கம் அப்பாவுக்கும் இருந்தது. விட்டுவிடச் சொன்னேன். ஓடிக் கழிந்த ஆயிலில் அமிலமும் உலோகத் துகளும் இருக்கும், இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷை உப்பவைக்கும், சொட்டுகிற இடத்தில் மண்ணும் கெடும். மேஸ்திரி பூச்சு அடிப்பதற்கு முன் பிரேக் டிஸ்க், சைலன்ஸர், ரப்பர் புஷ், சென்சார் எல்லாவற்றையும் காகிதம் சுற்றி மூடினார்.

பில்லில் என்ன மருந்து அடித்தார்கள் என்று எழுதித் தரவில்லை. அது ஒரு குறை. டப்பாக்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன், அடுத்த முறை அதே வகைதான் அடிக்க வேண்டும். சாக்பீஸ் வட்டம் போட்ட ஏழு இடத்தையும் படமெடுத்து, காகிதத்தில் வரைந்து, வண்டியின் கையேட்டுக்குள் வைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் அடியில் படுத்துப் பார்த்தேன். மூன்று துளையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, நிறமில்லாமல்.

திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து அப்பா போன் செய்தார். போனைத் தரையில் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. டங், டங், டங். பின்பக்கம் வந்ததும் ஒரு தட்டு கொஞ்சம் கனமாகக் கேட்டது.

"இங்க மட்டும் மாறுதேப்பா?"

"அது புதுத் தகடுப்பா. அங்க இரும்பு தடிமன். அடுத்ததத் தட்டுங்க."

அவர் அடுத்ததைத் தட்டினார்.