சீல் பிரிக்காத டபிள்யூ800ஐ என்று விற்கிறார்கள், பணம் அனுப்பும் முன் படியுங்கள்

சோனி எரிக்சனின் பழைய டபிள்யூ800ஐ போனைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் 6,800 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டேன்.

வாக்மேன் என்ற பெயரோடு 2005-இல் வந்த முதல் போன் அது. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனிடம் ஒன்று இருந்தது. ஆன் செய்யும்போதே போனாக வேண்டுமா, பாட்டு மட்டும் போதுமா என்று கேட்கும். அதனுடைய ஹெட்செட்டை மைக் இருக்கும் இடத்தில் கழற்றிவிட்டு, நம்மிடம் இருக்கும் 3.5 மி.மீ. இயர்போனைச் செருகிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். விளக்கை அணைத்த பிறகு ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்போம். அந்த ஆசைதான் இத்தனை வருடம் கழித்தும் தேட வைத்தது.

'கடையில் விற்காமல் தங்கிய ஸ்டாக்' என்று ஒருவர் இணையத்தில் போட்டிருந்தார். வெள்ளையும் ஆரஞ்சுமாகப் பெட்டியோடு வந்து சேர்ந்தது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் கீபேடில் எழுத்துகள் தேய ஆரம்பித்தன. பின்மூடியை அழுத்தினால் நெறுநெறுவென்றது. சந்தேகம் வந்து *#06# அடித்தேன். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ திரையில் வரும். திரையில் வந்த எண் ஒன்று, பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருந்த எண் வேறு. திரையில் வந்ததன் முதல் 8 இலக்கங்கள் எந்த மாடல் என்று சொல்லிவிடும். தேடிப் பார்த்தால், அது சோனி எரிக்சனின் இன்னொரு மாடலான கே750ஐ!

இரண்டு போனும் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுதான், அதே 2 மெகாபிக்சல் கேமரா உட்பட. டபிள்யூ800-இன் சாஃப்ட்வேரை ஏற்றினால் கே750ஐ வாக்மேன் போனாகவே எழுந்து நிற்கும். அப்போது பலர் தங்கள் போனில் ஆசையாகச் செய்துகொண்டதுதான் இது, அதில் தப்பே இல்லை. உழைத்துத் தேய்ந்த போனுக்கு டூப்ளிகேட் பாடி மாட்டி, பொய் ஸ்டிக்கர் ஒட்டி, புதிது என்று விற்பதுதான் அநியாயம்.

மெமரி கார்டும் போலி. அசல் பெட்டியில் 512 எம்பி மெமரி ஸ்டிக் புரோ டுயோ வரும். எனக்கு 2 ஜிபி என்று அச்சடித்த ஒன்றை வைத்திருந்தார்கள். நாற்பது பாட்டுக்கு மேல் ஏற்றினால் பழையவை பாதியில் அறுந்துபோகின்றன.

விற்றவரிடம் கேட்டதற்கு "பழைய போன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். படங்களை அனுப்பியதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

வாங்குவதாக இருந்தால் புகைப்படத்தை நம்பாதீர்கள், வீடியோ கேளுங்கள். பேட்டரியைக் கழற்றி லேபிளைக் காட்டி, அப்படியே திரும்பப் போட்டு, ஆன் செய்து *#06# அடிக்கும் வரை நடுவில் வெட்டாமல் எடுத்திருக்க வேண்டும். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

நேற்று அதே படங்களோடு இன்னொரு விளம்பரம் பார்த்தேன். விற்பவர் பெயர் மட்டும் வேறு, விலை 7,500.