உப்புக் குறைந்த மாட்டிறைச்சிக் காளான் சூப்: டின்னா, கட்டியா, எலும்பா, சதையா?

பிரஷர் வருத்தம் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது கருவாடு. அடுத்து ஆணத்தில் உப்புக் குறையும். அந்த வெறுமையை நிரப்ப வருவது சூப். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் மாட்டிறைச்சிக்குக் குறைவில்லை, சிப்பிக் காளானும் இப்போது 200 கிராம் பக்கற்றாகக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் 'உப்புக் குறைந்த சூப்' என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு சாமான்கள் மேசைக்கு வருகின்றன. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சத்தில் எவ்வளவு இடைவெளி என்பது தெரியும்.

அளவுகோலை முதலில் சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியம். உப்பாகக் கணக்கிட்டால் 5 கிராமுக்கும் குறைவு, மட்டமாக ஒரு தேக்கரண்டிகூட இல்லை. சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் எடை வரும். டின்னிலும் பக்கற்றிலும் சோடியம் மட்டும் எழுதியிருந்தால் இந்தப் பெருக்கல் போதும்.

வெளிநாட்டு டின் சூப்பிலிருந்து தொடங்குவோம். உப்புக் குறைந்த வகையில், இறைச்சித் துண்டுகளோடு வரும் மாட்டிறைச்சிக் காளான் சூப் ஒரு கோப்பையில், அதாவது ஏறக்குறைய 250 கிராமில், 170 கலோரி, 11 கிராம் புரதம், 24 கிராம் மாவுச்சத்து, 6 கிராம் கொழுப்பு, 60 மி.கி. அளவில் சோடியம் இருக்கும். சோடியத்தில் குறை சொல்ல இடமில்லை. மாவுச்சத்தைத்தான் கவனிக்க வேண்டும். சூப்பைத் தடிப்பாக்கச் சேர்க்கும் மாவும் கிழங்கும்தான் அந்த 24 கிராம். சீனி வருத்தமும் சேர்ந்தவர் இதைக் குடித்தால் அந்த வேளை சோற்றை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். லேபிளில் 'குறைந்த சோடியம்' என்பதும் 'குறைக்கப்பட்ட சோடியம்' என்பதும் ஒன்றில்லை. அமெரிக்க விதிப்படி முதலாவது ஒரு பரிமாறலுக்கு 140 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. இரண்டாவது, வழமையான சூப்பை விட 25 வீதம் குறைந்திருந்தாலே போதும். வழமையானதில் 800 மி.கி. இருந்தால், குறைக்கப்பட்டதிலும் 600 இருக்கலாம். ஒரு டின்னில் எத்தனை பரிமாறல் என்றும் பாருங்கள். இரண்டு பரிமாறல் உள்ள டின் முழுவதையும் ஒருவர் குடித்தால் கணக்கு இரட்டிக்கும்.

சூப் கட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10 கிராம் கட்டியில் பாதியை ஒட்டி உப்பு. இறைச்சியின் பெயரும் படமும் உறையில் இருக்கும், புரதம் இருக்காது. நோன்புக் கஞ்சியில் இரண்டு கட்டி போட்ட கையோடு உப்பும் அள்ளிப் போடுவது வழக்கமாகிவிட்டது. பிரஷர்காரர் இருக்கும் வீட்டில் அந்தப் பழக்கத்தை விட்டே ஆகவேண்டும்.

எலும்பு சூப்புக்கு எங்கள் பக்கம் பெரிய மரியாதை உண்டு. காய்ச்சல் விட்டவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் அதுதான். உப்பில்லாமல் காய்ச்சினால் சோடியம் குறைவுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எலும்பிலிருந்து நீரில் இறங்கும் கல்சியம், ஒரு கிளாஸ் பாலில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆறினால் கட்டிப்படும் அந்த ஊன்பசை புரதமே என்றாலும், டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லாததால் தனியே அதை நம்பி உடம்பு தேறாது. நல்லி எலும்பென்றால் கொழுப்பும் சேரும். இரவு பிரிட்ஜில் வைத்து, காலையில் மேலே உறைந்திருக்கும் வெள்ளைப் படையைக் கரண்டியால் வழித்தெடுத்தால் பெரும்பகுதி போய்விடும்.

நாங்கள் முதலிடம் கொடுப்பது சதை போட்டு வீட்டில் காய்ச்சும் சூப்புக்கு. நான்கு கிண்ணத்துக்குக் கொழுப்பு நீக்கிய சதை 300 கிராம், சிப்பிக் காளான் 200 கிராம், ஒரு வெங்காயம், ஒரு தக்காளிப்பழம், உள்ளி ஐந்து பல், இஞ்சி, மிளகு, சிறுதுண்டு கறுவா, இரண்டு தேக்கரண்டி எண்ணெய், ஒன்றரை லீற்றர் தண்ணீர். உப்பே போடாவிட்டால் கிண்ணத்துக்கு ஏறக்குறைய 55 மி.கி. சோடியம். அது இறைச்சியிலும் காளானிலும் இயல்பாக இருப்பது. நான்கு கிண்ணத்துக்கும் சேர்த்துக் கால் தேக்கரண்டி உப்புப் போட்டால் கிண்ணத்துக்கு 200 ஆகும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு சூப் கட்டி விழுந்தால் 550 தாண்டும். புரதம் கிண்ணத்துக்கு 17 கிராம் அளவில், இரும்பு 2 மி.கி.க்குச் சற்று மேலே, நாகம் (சிங்க் சத்து) 3 மி.கி.க்கு மேலே. பி12 விற்றமின் ஒருநாள் தேவையில் பாதிக்கு மேல், அது முழுக்க இறைச்சியிலிருந்து வருவது. காளானில் அதை எதிர்பார்க்க முடியாது. கலோரி 150 அளவில்தான். நார்ச்சத்து சொற்பம் என்பதால் ஒரு பிடி கரட், போஞ்சி சேர்க்கலாம்.

காளானின் பெரிய வேலை சுவை. அதிலுள்ள குளுட்டமேற்று, குவானிலேற்று என்ற சுவைப் பொருட்கள் இறைச்சியில் உள்ள இனோசினேற்று என்ற சுவைப் பொருளோடு சேரும்போது, தனித்தனியே தருவதைவிடப் பல மடங்கு சுவை எழும். உப்பைக் குறைத்தும் சூப் சப்பென்று இல்லாதது அதனால்தான். அந்தச் சுவை வர, காளானை நேரே கொதிநீரில் போடக்கூடாது. விரைவாகக் கழுவி, துணியில் ஒற்றி, கையால் கிழித்து, சூடான சட்டியில் எண்ணெயோடு போட வேண்டும். முதலில் நீர் விட்டுச் சட்டி சலசலக்கும். அந்த நீர் வற்றி, ஓரம் மண்ணிறமானதும் எடுத்து வையுங்கள். இறைச்சியைக் குளிர்ந்த நீரில் போட்டு, கொதி வரும்போது நுரையை வழித்து, சிறு நெருப்பில் ஒன்றரை மணித்தியாலம், குக்கரில் என்றால் அரை மணித்தியாலம். துள்ளத் துள்ளக் கொதித்தால் இறைச்சி இறுகும், சூப் கலங்கும். காளான் கடைசிப் பத்து நிமிடத்தில். உப்பு அடுப்பை அணைத்த பிறகு. அதிகச் சூட்டில் நாக்குக்கு உப்பு எட்டாது, அதனால்தான் கொதிக்கும்போது ருசி பார்ப்பவர் கூடப் போட்டுவிடுகிறார். தேசிக்காயைக் கிண்ணத்தில் பிழியுங்கள். அதன் விற்றமின் சி காளானின் இரும்பை உடம்பில் சேர்க்கும். குடித்த கையோடு பிளேன்டீ குடித்தால் அந்தப் பலன் குறையும், ஒரு மணித்தியாலம் பொறுக்கலாம்.

மட்டக்களப்பு வெயிலில் காளான் பக்கற்றை வெளியே வைத்தால் அடுத்த நாளே வழுவழுக்கும். மஞ்சள் நீரும் புளித்த மணமும் வந்தால் எறிந்துவிடுங்கள். மாரி மழைக்கு வளவில் முளைக்கும் காளானை அடையாளம் தெரியாமல் சூப்பில் போடவே வேண்டாம்.

சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு இந்த வரிசை முழுவதும் மாறிவிடும். அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிகளில், தெஹியத்தகண்டி போன்ற இடங்களில், அந்த வருத்தம் பரவலாக இருப்பதால் இதைச் சொல்லாமல் விடமுடியாது. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. வீட்டுச் சூப்பில் கிண்ணத்துக்கு 550 மி.கி. அளவில் பொட்டாசியம் உண்டு, இறைச்சியிலும் காளானிலும் இருந்தது நீரோடு அப்படியே நிற்கும். சில டின்களிலும் உப்புக்கு மாற்றாக விற்கும் பொடிகளிலும் பொட்டாசியம் குளோரைட் சேர்க்கிறார்கள். எனலபிரில், லொசார்டன், ஸ்பைரோனோலக்ரோன் போன்ற பிரஷர் மாத்திரைகள் குடிப்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பலாம். சிறுநீரக வருத்தக்காரரும் இந்த மாத்திரை குடிப்பவரும் கிளினிக்கில் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையைக் காட்டிக் கேட்டபிறகே இந்தச் சூப்பைத் தொட வேண்டும். அதுவரை இறைச்சியைக் கூடுதல் நீரில் அவித்து, அந்த நீரை வெளியே கொட்டிவிட்டு, துண்டை மட்டும் சோற்றோடு அளவாகக் கொடுங்கள்.